யூனிட் மூன்று நோட்ஸ் எங்கே? மூடுலில் ஃபோல்டர் அடுக்கும் முறை

இன்டர்னல் தேர்வுக்கு முந்தின நாள், இரவு பத்து மணி இருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் போன் செய்தார். "சார், யூனிட் மூணு நோட்ஸ் எங்க சார் இருக்கு? அரை மணி நேரமா தேடுறேன்." மூடுலில் (கல்லூரிப் பாடங்களை இணையத்தில் போட்டு வைக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறேனே, பாரும்மா என்றேன். "பாத்துட்டேன் சார், பிடிஎஃப்னு இருக்கற ஃபோல்டர்ல யூனிட் ஒண்ணும் ரெண்டும்தான் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாம் யூனிட்டை நான் ஸ்லைடாகச் செய்திருந்தேன், அதனால் அது 'பிபிடி' என்ற இன்னொரு ஃபோல்டரில் கிடந்தது. என் கணக்கில் அது சரியான இடம்தான். ஆனால் நாளைக் காலைத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு, ஆசிரியர் எந்த யூனிட்டை எந்த மென்பொருளில் செய்தார் என்று எப்படித் தெரியும்? தெரிய வேண்டிய தேவைதான் என்ன? அந்தப் பருவம் முடிந்ததும் புள்ளியியல் அறிமுகப் பாடத்தின் கோர்ஸ் பக்கத்தை முழுக்கக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன். அப்படி அடுக்கும்போது கற்றுக்கொண்டதை, முதல்முறையாக ஒரு கோர்ஸ் பக்கம் கையில் கிடைத்திருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். பெரும்பாலும் மூடுலை வைத்துத்தான் சொல்வேன், கூகுள் கிளாஸ்ரூம் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

மூடுலைப் பற்றி இரண்டு வரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியமாஸ் என்பவர் உருவாக்கியது, முதல் முழுப் பதிப்பு 2002-இல் வந்தது. இலவச மென்பொருள் என்பதால் எந்தக் கல்லூரியும் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், அதனால்தான் ஒவ்வொரு கல்லூரியிலும் அது ஒவ்வொரு நிறத்தில், ஒவ்வொரு பெயரில் இருக்கிறது. இங்கே பல கல்லூரிகளிலும், இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் 'எல்எம்எஸ்' (கற்றல் மேலாண்மை அமைப்பு) என்று பொதுவாகச் சொல்வது பல நேரம் மூடுலைத்தான். உங்கள் கல்லூரியில் தோற்றம் வேறு மாதிரி இருந்தாலும் உள்ளே நான் சொல்லப்போகும் பகுதிகள் இருக்கும்.

சரி, ஃபோல்டர் என்றால் என்ன? அலுவலகத்தில் காகிதங்களைக் கட்டி வைக்கும் அட்டைக் கோப்பின் படத்தை அப்படியே கணினித் திரைக்குக் கொண்டுவந்தார்கள், 1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியிலேயே அந்தச் சின்னம் இருந்தது. காகிதத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு, ஒரு காகிதம் ஒரே ஒரு அட்டைக்குள்தான் இருக்க முடியும். அந்தப் பழக்கத்திலேயே நாம் கணினியிலும் 'இது எந்த வகை?' என்று கேட்டு, வகைக்கு ஒரு ஃபோல்டர் போட்டுவிடுகிறோம். பிடிஎஃப் எல்லாம் ஒன்றில், பிபிடி எல்லாம் ஒன்றில், வீடியோ எல்லாம் ஒன்றில். பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும்.

எனக்கு இதைப் புரியவைத்தது வீட்டு அஞ்சறைப் பெட்டி. உளுத்தம்பருப்பு அலமாரியில் பெரிய டப்பாவில் துவரம்பருப்புக்கும் பாசிப்பருப்புக்கும் பக்கத்தில் இருக்கிறது. அது வகைப்படி வைத்தது. ஆனாலும் அஞ்சறைப் பெட்டிக்குள் கடுகு, சீரகம், வெந்தயத்தோடு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் உளுந்தும் இருக்கிறது, ஏனென்றால் எண்ணெய் காய்ந்துவிட்ட நேரத்தில் கடுகுக்குப் பக்கத்தில் உளுந்து வேண்டும், அலமாரிக்குப் போய் வரும் நேரத்தில் கடுகு கருகிவிடும். ஒரே நேரத்தில் தேவைப்படுகிறவை ஒரே இடத்தில். கோர்ஸ் பக்கம் மாணவருக்கு அஞ்சறைப் பெட்டியாக இருக்க வேண்டும். நம் லேப்டாப்பில் உள்ள ஃபோல்டர்கள்தான் அலமாரி, அதை நாம் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அதனால் எதை எங்கே வைப்பது என்று குழம்பும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மாணவர் இதை எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருக்கும்போது தேடுவார்? மூன்றாம் யூனிட் நோட்ஸும், மூன்றாம் யூனிட் ஸ்லைடும், அதே யூனிட்டின் கணக்குத் தாளும், அதற்கான எக்செல் தரவும் வெவ்வேறு வகைதான், ஆனால் ஒரே வாரத்தில் ஒரே மேசையில் தேவைப்படுகிறவை. அவை ஒன்றாக இருக்கட்டும்.

செக்‌ஷன் வேறு, ஃபோல்டர் வேறு

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மூடுலில் நான்கு படிகள் இருக்கின்றன. மேலே கோர்ஸ், அதாவது உங்கள் பாடம் முழுவதும். அதற்குள் செக்‌ஷன்கள், கோர்ஸ் பக்கத்தில் தலைப்பு போட்டுப் பிரிந்து தெரிகிற பகுதிகள் இவை. செக்‌ஷனுக்குள் ஒவ்வொரு கோப்பாக வைக்கலாம், அல்லது ஒரு ஃபோல்டர் வைத்து அதற்குள் பல கோப்புகளைப் போடலாம். அந்த ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டரும் போடலாம்.

செக்‌ஷன் என்பது கடையில் எல்லாச் சரக்கும் வெளியே தெரிகிற தட்டு மாதிரி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றின் பெயரும் பக்கத்திலேயே தெரியும். ஃபோல்டர் மூடி போட்ட பெட்டி. மேலே ஒட்டியிருக்கும் பெயர் மட்டும்தான் தெரியும், திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். பக்கம் நீளமாகப் போகிறதே என்ற பயத்தில் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் பக்கம் சுத்தமாக இருக்கும், மாணவர்தான் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

என் பழக்கம் இது: யூனிட்டைப் பிரிக்க செக்‌ஷன், கட்டாயம் படிக்க வேண்டியவற்றைத் தனித்தனிக் கோப்பாக வெளியே, ஒரே மாதிரிப் பல கோப்புகள் கூட்டமாக இருந்தால் மட்டும் ஃபோல்டர். பழைய வினாத்தாள்கள் ஃபோல்டருக்கு மிகப் பொருத்தமானவை. பத்து செமஸ்டர் வினாத்தாள்களைப் பக்கத்தில் வரிசையாகக் கொட்டினால் மற்றதெல்லாம் கீழே தள்ளப்பட்டுவிடும், அவற்றைத் தேடுகிறவரும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இறக்கிக்கொள்வார். பயிற்சிக்கான தரவுக் கோப்புகள், லேப் புரோகிராம்கள், கூடுதலாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கான கட்டுரைகள் இவையும் அப்படித்தான். இரண்டே கோப்பு இருக்கிற இடத்தில் ஃபோல்டர் போடவே வேண்டாம்.

ஏன் கட்டாயப் பாடத்தை ஃபோல்டருக்குள் போடாதீர்கள் என்கிறேன் என்றால், மூடுலில் ஃபோல்டர் முழுவதும் ஒரே பொருளாகத்தான் கணக்கு. இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை, பட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். தனிக் கோப்பாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கீழே 'இதை ஞாயிறுக்குள் படித்துவிடுங்கள், 4-ஆம் பக்கக் கணக்கு முக்கியம்' என்று ஒரு வரி எழுதலாம், மேலே கீழே இழுத்து வரிசை மாற்றலாம், ஒன்றை மட்டும் மறைத்து வைக்கலாம், இன்ன தேதிக்குப் பிறகுதான் திறக்கும் என்று பூட்டலாம். ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளுக்குத் தனித்தனியாக இவை எதுவும் கிடையாது. விளக்கமும் பூட்டும் ஃபோல்டர் முழுவதற்கும்தான். உள்ளே வரிசை பெயரைப் பொறுத்துத் தானாக அமையும், இழுத்து மாற்ற முடியாது.

படித்து முடித்ததைக் குறிக்கும் 'கம்ப்ளீஷன்' டிக்கும் அப்படியே. பார்த்தால் டிக் விழும்படி வைத்திருந்தால், மாணவர் ஃபோல்டரைத் திறந்தாலே போதும், உள்ளே எட்டுக் கோப்பில் ஒன்றைக்கூடத் தொடாமலே டிக் விழுந்துவிடும். என் வகுப்பில் எல்லோருக்கும் டிக் விழுந்திருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்த ஒரு மாதம் உண்டு. பிறகு வகுப்பில் கேள்வி கேட்டபோதுதான் பாதிப்பேர் கோப்பையே திறக்கவில்லை என்று தெரிந்தது.

இன்னொன்று, விடைக்குறிப்பு. கணக்குத் தாள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே விடைத்தாளையும் போட்டு, அதை மட்டும் அப்புறம் காட்டலாம் என்று நினைத்தால் நடக்காது, ஃபோல்டர் தெரிந்தால் உள்ளே இருப்பது எல்லாம் தெரியும். விடைத்தாளைத் தனிக் கோப்பாகச் செக்‌ஷனில் வைத்து, அசைன்மென்ட் கடைசித் தேதிக்கு மறுநாள் திறக்கும்படி 'ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ்' பகுதியில் தேதி போட்டுவிடுங்கள்.

யூனிட்டா, வாரமா

செக்‌ஷன்களை வாரப்படி பிரிப்பதா, யூனிட்படி பிரிப்பதா என்பது எப்போதும் வரும் கேள்வி. மூடுலில் இரண்டுக்கும் வழி உண்டு. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் இணையவழிப் பாடங்களில் சேர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என்று வாரவாரியாகத்தான் அடுக்கியிருப்பார்கள், ஒவ்வொரு வாரத்துக்கும் அதன் வீடியோக்கள், அதன் அசைன்மென்ட். அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் இந்தியா முழுக்க எல்லோருக்கும் ஒரே நாளில் வாரம் திறக்கிறது, ஒரே நாளில் முடிகிறது.

நம் கல்லூரி வகுப்பில் நிலைமை வேறு. நடுவில் பொங்கல் வரும், மழை விடுமுறை வரும், மூன்றாம் வாரத்தில் முடிக்க நினைத்தது ஐந்தாம் வாரத்துக்குப் போகும். சிலபஸே ஐந்து யூனிட் என்று அச்சாகி மாணவர் கையில் இருக்கிறது, இன்டர்னலுக்கும் 'யூனிட் ஒன்றும் இரண்டும்' என்றுதான் அறிவிக்கிறோம், மாணவர் பேச்சிலும் 'யூனிட் மூணு' தான் இருக்கிறது. அதனால் நான் யூனிட் பக்கம்தான். மாணவர் வாயில் வருகிற சொல்லே செக்‌ஷன் பெயராக இருந்தால் தேடும் வேலை பாதி குறைகிறது. பெயரில் எண்ணோடு தலைப்பையும் சேர்த்துவிடுங்கள், 'யூனிட் 3: சராசரியும் விலக்கமும்' என்பது போல. 2022 ஏப்ரலில் வந்த மூடுல் 4.0 முதல் பக்கத்தின் இடப்புறம் கோர்ஸ் முழுவதற்கும் ஒரு உள்ளடக்கப் பட்டியல் தெரிகிறது, செக்‌ஷன் பெயர் நன்றாக இருந்தால் அந்தப் பட்டியலே வழிகாட்டியாகிவிடும். உங்கள் கல்லூரியில் 2024 அக்டோபரில் வந்த 4.5 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால் செக்‌ஷனுக்குள்ளேயே துணைச் செக்‌ஷன் போடலாம், பெரிய யூனிட்டைப் பிரிக்க ஃபோல்டரைவிட அது நல்ல வழி.

என் பக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொதுச் செக்‌ஷன், அதில் சிலபஸ், மதிப்பெண் பிரிப்பு, 'பழைய வினாத்தாள்கள்' ஃபோல்டர், அவ்வளவுதான். பிறகு ஐந்து யூனிட்டுக்கு ஐந்து செக்‌ஷன். ஒவ்வொன்றிலும் முதலில் நோட்ஸ், அடுத்து ஸ்லைடு, அடுத்து கணக்குத் தாள், அடுத்து 'எக்செல் தரவு' என்ற ஃபோல்டர், கடைசியில் அசைன்மென்ட் சமர்ப்பிக்கும் இடம். ஐந்து யூனிட்டிலும் இதே வரிசை, கொஞ்சமும் மாறாது. முதல் யூனிட்டில் ஒருமுறை பழகிவிட்டால் மற்ற நான்கிலும் கை தானாகப் போகும், நம் வீட்டுச் சமையலறையில் இருட்டிலும் உப்பு ஜாடி கைக்குச் சிக்குகிற மாதிரி.

சில கோப்புகள் இரண்டு இடத்தில் தேவைப்படும். எனக்குப் புள்ளியியல் அட்டவணை அப்படி, நான்காம் யூனிட்டிலும் வேண்டும், ஐந்திலும் வேண்டும். இரண்டு இடத்திலும் போடலாமா, சர்வரில் இடம் வீணாகுமே என்று யோசிக்க வேண்டாம். 2010-இல் வந்த 2.0 பதிப்பு முதல் மூடுல் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் வைத்து அதற்கு ஒரு கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டு அந்த எண்ணின் பெயரில்தான் சேமிக்கிறது. ஒரே கோப்பைப் பத்து இடத்தில் ஏற்றினாலும் கைரேகை ஒன்றுதான், அதனால் வட்டில் ஒரு பிரதிதான் இருக்கும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். நீங்கள் ஓர் இடத்தில் திருத்தி ஏற்றினால் மற்ற இடத்தில் பழையதே நிற்கும். அடிக்கடி திருத்தும் கோப்பு என்றால் ஓர் இடத்தில் மட்டும் வைத்து, மற்ற இடத்தில் அதற்கு லிங்க் கொடுங்கள்.

போடும் விதம்

வேலை சின்னதுதான். கோர்ஸ் பக்கத்தில் வலது மேல் மூலையில் 'எடிட் மோட்' என்ற பொத்தானைத் தள்ளினால் ஒவ்வொரு செக்‌ஷனிலும் புதிதாகச் சேர்க்கும் வழி தெரியும், அதை அழுத்தினால் வருகிற படங்களில் 'ஃபோல்டர்' இருக்கும். பெயர் கொடுத்து, லேப்டாப்பிலிருந்து கோப்புகளை அந்தப் பெட்டிக்குள் இழுத்துப் போட்டு, சேவ் செய்தால் முடிந்தது. நிறையக் கோப்புகள் இருந்தால் லேப்டாப்பிலேயே ஜிப் செய்து அந்த ஒரு ஜிப்பை ஏற்றி, அதன் மேல் அழுத்தி 'அன்ஜிப்' கொடுங்கள், உள்ளே இருந்த ஃபோல்டர் அமைப்போடு பிரிந்து வந்துவிடும். பிரிந்ததும் ஜிப்பை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாணவர் இரண்டையும் இறக்குவார்.

சேவ் செய்யும் முன் மூன்று அமைப்புகளைப் பாருங்கள். 'டிஸ்பிளே' என்பதில், ஃபோல்டர் தனிப் பக்கத்தில் திறக்க வேண்டுமா, கோர்ஸ் பக்கத்திலேயே விரிந்து தெரிய வேண்டுமா என்று கேட்கும். நான்கைந்து கோப்புக்குள் இருந்தால் பக்கத்திலேயே விரித்துவிடலாம், ஒரு கிளிக் மிச்சம். வினாத்தாள் மாதிரி நீளமானதைத் தனிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். பக்கத்திலேயே விரித்தால், பார்த்ததும் டிக் விழும் வசதியை அதனோடு சேர்த்து வைக்க மூடுல் விடாது, ஏனென்றால் தனியாகத் 'திறப்பது' என்று ஒன்றே அங்கே இல்லை. அடுத்தது, உள்ஃபோல்டர்கள் விரிந்தே தெரிய வேண்டுமா என்பது, அதை விரித்தே வைத்திருங்கள். மூன்றாவது, ஃபோல்டர் முழுவதையும் ஒரே ஜிப்பாக இறக்கும் பொத்தான், அது இருக்கட்டும், ஹாஸ்டல் வைஃபையில் ஒரேயடியாக இறக்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

பெரிய கோப்பு ஏறவில்லை என்றால் பெரும்பாலும் தவறு உங்களுடையதாக இருக்காது. மூடுல் ஓடுவது பிஎச்பி என்ற மொழியில், அதில் ஒரு கோப்பு ஏற்றுவதற்கான இயல்பு வரம்பே 2 எம்பிதான். சர்வரைக் கவனிப்பவர் அதைக் கூட்டி வைத்திருப்பார், எவ்வளவு என்பது கோப்பு ஏற்றும் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். அந்த வரம்பு பெரிதாக இருந்தாலும் கோப்பைச் சுருக்கிவிட்டே போடுங்கள் என்பேன். கையால் எழுதிய நோட்ஸைப் போனில் படமெடுத்து அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் எடை ஏறிவிடும், அதை இறக்குவது நாளுக்கு இவ்வளவு டேட்டா என்று எண்ணிச் செலவு செய்யும் ஒரு பிள்ளையின் போன்.

பெயர் வைப்பது

ஃபோல்டருக்குள் வரிசை பெயரைப் பொறுத்தே அமைகிறது என்று சொன்னேன். அதனால் பெயர்தான் வரிசை. இதில் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 'அலகு ஒன்று, அலகு இரண்டு, அலகு மூன்று, அலகு நான்கு, அலகு ஐந்து' என்று அழகாக எழுதி ஏற்றினால், கணினி அகரவரிசைப்படி அடுக்கும்: இரண்டு, ஐந்து, ஒன்று, நான்கு, மூன்று. இதைப் பார்த்துத் திகைத்த சக ஆசிரியர் ஒருவர், கோப்புகளை அழித்து அழித்து ஏற்றிக்கொண்டே இருந்தார். எண்ணை எண்ணாகவே, முன்னால் எழுதுங்கள். அதையும் 1, 2 என்று எழுதாமல் 01, 02 என்று எழுதுவது நல்லது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் மென்பொருளில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும், மாணவர் இறக்கிய பிறகு அவர் போன் எப்படி அடுக்குமோ நமக்குத் தெரியாது. தேதி போடுவதானால் ஆண்டை முதலில் வையுங்கள், 2025-07-15 என்று. நாம் வழக்கமாக எழுதும் 15-07-2025 முறையில் எல்லா மாதத்துப் பதினைந்தாம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்? எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடான யுனிகோடில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும், யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில், 3 பைட் எடுத்துக்கொள்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து இருப்பதால் 15 பைட். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு, ஆங்கிலத்தில் 255 எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழுக்குச் சுமார் 85 குறிகள்தான் கிடைக்கும். பாடத் தலைப்பை முழுதாக எழுதுகிறவர்கள் எளிதில் தாண்டிவிடுவார்கள். விண்டோஸில் வேறு வரம்பு, டிரைவ் பெயரிலிருந்து கோப்புப் பெயர் வரை முழுப் பாதைக்கும் 260 எழுத்து என்பது அங்கே பழைய காலத்திலிருந்தே வருகிற கட்டுப்பாடு. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று நீளமான பெயர்களோடு போட்ட ஜிப்பை மாணவர் விரிக்கும்போது சில கோப்புகள் மட்டும் விரியாமல் பிழை வருவதற்கு இது ஒரு காரணம். ஃபோல்டருக்குள் ஒரு நிலைக்கு மேல் இறங்காதீர்கள், பெயர் குட்டையாக இருக்கட்டும், விளக்கத்தை மூடுலின் விளக்கப் பெட்டியில் எழுதுங்கள்.

தமிழ் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய வேர்டு கோப்புகள் இன்னும் நம் பலரிடமும் இருக்கின்றன, இலங்கை ஆசிரியர்களிடம் பாமினியில் செய்தவை நிறையவே உண்டு. அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கும். எவ்வளவு அழகாக ஃபோல்டர் போட்டு வைத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், நேரமில்லை என்றால் குறைந்தது எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். முடிந்தவரை யுனிகோடுக்கே மாற்றச் சொல்வேன், அப்போதுதான் மாணவர் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கும்.

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புதியது' என்ற பெயர்கள் வேண்டாம். திருத்திய நோட்ஸை அதே பெயரிலேயே ஏற்றுங்கள். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மேலெழுதவா, பெயர் மாற்றவா என்று மூடுல் கேட்கும், 'ஓவர்ரைட்' கொடுங்கள். பெயர் மாற்றக் கொடுத்தால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், எதைப் படிப்பது என்று அறுபது பேரும் உங்களைத்தான் கேட்பார்கள்.

கூகுள் கிளாஸ்ரூமில்

கூகுள் கிளாஸ்ரூமில் மாணவர் பார்க்கும் பக்கத்தில் ஃபோல்டரே கிடையாது, 'கிளாஸ்வொர்க்' பகுதியில் 'டாபிக்' என்று இருப்பதுதான் செக்‌ஷன் வேலையைச் செய்கிறது. ஒரு பதிவை ஒரே ஒரு டாபிக்கில்தான் வைக்க முடியும். யூனிட்டுக்கு ஒரு டாபிக் போட்டு, நோட்ஸை 'மெட்டீரியல்' என்ற பதிவாகச் சேர்த்துவிடுங்கள். 'ஸ்ட்ரீம்' பகுதியில் அறிவிப்போடு சேர்த்துப் போடும் நோட்ஸ் இரண்டு வாரத்தில் கீழே போய் மறைந்துவிடும், நம் வாட்ஸ்அப் குழுவில் நடப்பதேதான். படிக்க வேண்டிய எதையும் அங்கே மட்டும் போட்டு விடாதீர்கள்.

வகுப்பு தொடங்கும்போது உங்கள் கூகுள் டிரைவில் 'கிளாஸ்ரூம்' என்ற ஃபோல்டருக்குள் அந்த வகுப்புக்கு ஒரு ஃபோல்டர் தானாக உருவாகும், அது உங்கள் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் மாதிரிக் கூட்டமாக இருப்பவற்றை டிரைவில் தனி ஃபோல்டராக்கி, 'பார்க்க மட்டும்' என்று பகிர்ந்து, அந்த லிங்க்கை ஒரு மெட்டீரியல் பதிவில் வைக்கலாம். 'எடிட்' உரிமை கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், யாராவது கைதவறிக் கோப்பை இழுத்து வெளியே போட்டால் எல்லோருக்கும் போய்விடும். டிரைவில் உள்ள பிடிஎஃப்பைத் திருத்த வேண்டுமானால் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டாம், 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' வழியாகப் புதியதை ஏற்றினால் பழைய லிங்க்கே வேலை செய்யும்.

எல்லாம் அடுக்கி முடித்ததும் மாணவர் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். மூடுலில் உங்கள் பெயருக்குக் கீழ் வரும் மெனுவில் 'ஸ்விட்ச் ரோல் டு' என்று இருக்கும், லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, போனிலேயே அதில் 'ஸ்டூடன்ட்' ஆக மாறிக்கொண்டு பாருங்கள். முடிந்தால் அந்தப் பாடம் நடத்தாத ஒருவரிடம் போனைக் கொடுத்து 'நான்காம் யூனிட் கணக்குத் தாள் எடுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு, பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் விரல் முதலில் எங்கே போகிறதோ அங்கேதான் அந்தக் கோப்பு இருந்திருக்க வேண்டும். நான் என் தங்கையிடம் கொடுத்துப் பார்த்தேன். அவள் நேராக, அப்போது 'பயிற்சித் தரவு' என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டருக்குள் போனாள், 'பயிற்சி' என்று எழுதியிருந்ததால். அன்றே அதன் பெயரை 'எக்செல் தரவு' என்று மாற்றினேன்.

இவ்வளவு உழைப்பும் ஒரு செமஸ்டருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மூடுல் 4.0 முதல் 'கோர்ஸ் ரீயூஸ்' என்ற பக்கம் இருக்கிறது, அதில் 'இம்போர்ட்' கொடுத்தால் செக்‌ஷன், ஃபோல்டர், கோப்பு எல்லாம் அப்படியே அடுத்த ஆண்டின் கோர்ஸுக்கு வந்துவிடும், பழைய மாணவர்களின் விடைகளும் மதிப்பெண்களும் வராது. கிளாஸ்ரூமிலும் வகுப்பைப் பிரதி எடுக்கலாம், கிளாஸ்வொர்க் பதிவுகள் டிராஃப்டாக வந்து நிற்கும், ஒவ்வொன்றாகப் பார்த்து வெளியிட வேண்டும். மூடுலில் இம்போர்ட் செய்ததும் முதல் வேலையாக 'ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ்' தேதிகளைப் பார்த்துவிடுங்கள். போன ஆண்டுத் தேதி அப்படியே இருந்தால், விடைத்தாள் வகுப்பின் முதல் நாளிலேயே திறந்து கிடக்கும்.